ரிச்சி தெருவில் வாங்கிய பழைய சுவிட்சும் ஒரு நீலக் கேபிளும்

"வீட்டுக்குத்தானே மேடம்? எட்டு போர்ட் போதும், எடுத்துக்குங்க" என்று கடைப் பையன் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை என் முன்னால் வைத்தான். அது வேண்டாம், 24 போர்ட் மேனேஜ்டு சுவிட்ச் வேண்டும், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை என்றேன். நெட்வொர்க் சுவிட்ச் என்பது கம்ப்யூட்டர்களைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கிற பெட்டி, போர்ட் என்பது அதில் கேபிள் செருகுகிற ஓட்டை. மேனேஜ்டு என்றால் எந்த ஓட்டை எப்படி நடக்க வேண்டும் என்று நாம் கட்டளை கொடுத்து அமைக்கலாம், அதைத்தான் கான்ஃபிகர் பண்ணுவது என்பார்கள். உள்ளே பில் எழுதிக்கொண்டிருந்த பெரியவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"யார் கான்ஃபிகர் பண்ணுவாங்கம்மா?"

"நான்தான்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பையனை மாடிக்கு அனுப்பினார்.

சனிக்கிழமை மத்தியானம் ரிச்சி தெருவில் நிற்பது எப்படி என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நரசிங்கபுரம் தெருப் பக்கம் திரும்பினால் டிவி ரிமோட் குவியல், இந்தப் பக்கம் சிசிடிவி, நடுவில் தலையில் மானிட்டர் பெட்டியோடு "வழி வழி" என்று வருகிற ஆள். இருபது நிமிடம் கழித்துப் பையன் இறக்கிக்கொண்டு வந்தது ஒரு சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960. நூறு மெகாபிட் போர்ட் 24, அப்லிங்குக்கு, அதாவது ரவுட்டர் பக்கம் போகிற இணைப்புக்கு, கிகாபிட் போர்ட் இரண்டு. ஏதோ ஒரு அலுவலகத்தைக் காலி செய்தபோது மொத்தமாக எடுத்த சரக்கு. மேலே ஒரு விரல் தடிமனுக்குத் தூசி. 4,000 சொன்னார், 3,200-க்கு முடிந்தது. கன்சோல் கேபிளும் யுஎஸ்பி மாற்றியும் தனியாக 700. ஏழு நாள் டெஸ்டிங் வாரண்டி என்று பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். ஆறு மாதமாக இது என்னிடம் உழைக்கிறது, எழுதலாம் என்று தோன்றியது.

நான் நெட்வொர்க் எஞ்சினியர் இல்லை. மேற்கு மாம்பலத்தில் எங்களுக்கு ஒரு டைப் இன்ஸ்டிடியூட் இருக்கிறது, அப்பா ஆரம்பித்தது. கீழே பதினொரு தட்டச்சு மெஷின்கள், லோயர், ஹையர் தேர்வு எழுதுகிற பிள்ளைகள் காலை ஆறரைக்கே வந்துவிடுவார்கள். மாடியில் சிஓஏ (கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்) சர்டிபிகேட் படிக்கிறவர்களுக்காக 18 கம்ப்யூட்டர்கள். நான்கு கேமரா, ஆபீசில் ஃபீஸ் கணக்கு போடுகிற கம்ப்யூட்டர் ஒன்று, ஒரு பிரிண்டர். இவ்வளவும் ஒரு சாதாரண சுவிட்சில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

சென்ற ஆடியில் ஒரு நாள், சுவரோரம் தொங்கிய கேபிள் முனையைப் பார்த்து, கழன்றுவிட்டது போலிருக்கிறது என்று ஒரு மாணவி நல்ல மனதோடு பக்கத்து ஓட்டையில் செருகிவிட்டாள். அதன் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது. அடுத்த நொடி எல்லா விளக்கும் கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி ஒன்றாக மின்ன ஆரம்பித்தன. நெட் இல்லை, பிரிண்டர் இல்லை, கேமரா இல்லை. வந்த சர்வீஸ் ஆள் ரவுட்டரை மாற்றச் சொன்னார். நாலு மணி நேரம் கழித்து, ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்த்து நானேதான் கண்டுபிடித்தேன்.

நெட்வொர்க்கில் தகவல் சின்னச் சின்னப் பொட்டலமாகப் போகும். ரவுட்டர் விட்டு ரவுட்டர் போகிற ஐபி பாக்கெட்டுக்கு ஒரு ஆயுள் கணக்கு உண்டு, இத்தனை ரவுட்டர் தாண்டினால் அது செத்துவிடும். சுவிட்ச் கையாளுகிற ஈதர்நெட் பொட்டலமான ஃபிரேமுக்கு அப்படி எதுவும் கிடையாது. எல்லாருக்கும் என்று அனுப்பிய ஒரு ஃபிரேம் இப்படி அதே சுவிட்சுக்குத் திரும்புகிற கேபிள் வளையத்தில் மாட்டினால் யாராவது பிடுங்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றும்போதே பெருகும். இதைத் தடுக்க ஒரு வழியை 1985-ல் ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி, டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் இருந்தபோது உருவாக்கினார். ஸ்பேனிங் ட்ரீ என்று பெயர். நாற்பது வருடப் பழைய விஷயம். என்னுடைய சாதா டப்பாவில் அது இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. லேபில் உட்கார்ந்த ஒரு பையன் நெட்வொர்க்கில் தெரிந்த ஆபீஸ் பிரிண்டருக்கு "ஹாய் ஆன்ட்டி" என்று பதினான்கு பக்கம் அனுப்பினான். சிரித்துவிட்டு விட்டுவிடலாம், ஆனால் பிரிண்டர் தெரிகிறவனுக்கு ஃபீஸ் கம்ப்யூட்டரும் தெரியும்.

ஆக, எனக்கு வேண்டியவை இரண்டு. வளையம் வந்தால் தானே அடைத்துக்கொள்ள வேண்டும். லேப், ஆபீஸ், கேமரா மூன்றும் ஒன்றை ஒன்று பார்க்கக் கூடாது. இரண்டாவதற்குத்தான் விலான், ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கிற ஏற்பாடு. மாம்பலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம்: ஒண்டுக்குடித்தனம். வீடு ஒன்றுதான், சமையல் வேறு வேறு, கதவைச் சாத்தினால் உள்ளே நடப்பது பக்கத்துப் போர்ஷனுக்குத் தெரியாது. எல்லாருக்கும் பொதுவாக ஒரு வாசல் இருக்குமே, அது ட்ரங்க். அந்த வாசல் வழியாக ரவுட்டருக்குப் போய்த்தான் யாரும் வெளியே போக முடியும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, தூசி தட்டி, மின்சாரம் கொடுத்தால் சிறிய ஜெட் விமானம் கிளம்புகிற சத்தம். அப்பா கீழிருந்து குரல் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஃபேன் அடங்கியது. அடங்கியது என்றால் நின்றது என்று அர்த்தமில்லை.

அப்புறம் அந்த நீலக் கேபிள். வெளிர் நீலத்தில் தட்டையாக இருக்கும். ஒரு முனை சாதாரண நெட்வொர்க் பின் மாதிரியே தெரியும், ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை வேறு. சுவிட்சின் பின்புறம் கன்சோல் என்று நீலத்தில் எழுதிய ஓட்டையில் அதைச் செருக வேண்டும். மறுமுனை பழைய சீரியல் போர்ட்டுக்கானது, இன்றைய லேப்டாப்பில் அது இல்லாததால் யுஎஸ்பி மாற்றி. எனக்கு முதல் மாற்றி வேலை செய்யவில்லை. விண்டோஸ் அதைப் பார்த்தது, டிரைவர் அதை ஏற்க மறுத்தது. போலி சிப். திங்கள்கிழமை மறுபடி ரிச்சி தெரு. பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் வேறு எடுத்துக் கொடுத்தார், அதற்காக அவருக்கு ஒரு மதிப்பெண். முதலிலேயே நல்லதைக் கொடுத்திருந்தால் எனக்கு ஒரு மெட்ரோ டிக்கெட் மிச்சம்.

புட்டி என்ற இலவச மென்பொருளைத் திறந்து, வேகம் 9600, டேட்டா பிட் 8, பாரிட்டி கிடையாது, ஸ்டாப் பிட் 1, ஃப்ளோ கன்ட்ரோல் வேண்டாம் என்று கொடுத்தால் கறுப்பாக ஒரு திரை வரும். ஒன்றுமே இருக்காது. பயந்துவிடக் கூடாது, என்டர் தட்ட வேண்டும். 9600 என்றால் விநாடிக்குச் சுமார் 960 எழுத்து. ஹையர் தேர்வில் நாங்கள் பிள்ளைகளிடம் கேட்பது நிமிடத்துக்கு 45 சொல். இன்றைக்கு இதை மெதுவான இணைப்பு என்கிறார்கள்!

என்டர் தட்டியதும் எனக்கு வந்தது வரவேற்பு இல்லை, மிரட்டல். அனுமதியில்லாமல் நுழைந்தால் சட்ட நடவடிக்கை என்று முந்தைய முதலாளி நட்சத்திரக் குறியால் கட்டம் கட்டி எழுதியிருந்தார். கீழே பாஸ்வேர்ட் கேட்டது. பழைய சுவிட்ச் வாங்குகிற எல்லாரும் இந்த இடத்துக்கு வந்தே தீருவார்கள்.

வழி இதுதான். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, முன்பக்கம் இடது ஓரத்தில் இருக்கும் மோட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே மறுபடி செருக வேண்டும். சிஸ்டம் விளக்கு பச்சையில் மினுங்கும், ஒரு கணம் ஆரஞ்சுக்கு மாறி, பிறகு நிலையான பச்சை ஆகும். அப்போது விரலை எடுக்கலாம். நான் முதல் தடவை சீக்கிரம் எடுத்துவிட்டேன், மறுபடி பிடுங்கிச் செருகினேன். சரியாக நின்றால் முழுதாக எழும்பாமல் 'சுவிட்ச்' என்று எழுதி முக்காற்புள்ளி வைத்துக் காத்திருக்கும். அங்கே 'ஃப்ளாஷ் இனிட்' என்று அடித்தால் (நடுவில் அடிக்கோடு உண்டு) உள்ளே இருக்கும் கோப்புகள் திறக்கும். 'கான்ஃபிக் டாட் டெக்ஸ்ட்' என்ற கோப்புக்கு வேறு பெயர் வைத்துவிட்டு 'பூட்' அடித்தால், பழைய அமைப்பைத் தேடிப் பார்த்துக் காணாமல், புதிதாகப் பிறந்தது போல் எழும். பாஸ்வேர்டை உடைப்பதில்லை, அது எழுதியிருந்த காகிதத்தை ஒளித்துவைக்கிறோம், அவ்வளவே.

ஒளித்துவைத்ததை நான் படித்தும் பார்த்தேன். தவறு என்றால் தவறுதான். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், ஆனால் எத்தனை மாடி, எந்த மாடியில் அக்கவுண்ட்ஸ், கேன்டீன் மிஷினுக்குத் தனி விலான், எல்லாம் அதில் இருந்தது. உங்கள் அலுவலகத்தில் பழைய சுவிட்சைக் காயலான் விலைக்குப் போடுகிறீர்களா? தயவுசெய்து அழித்துவிட்டுப் போடுங்கள்.

அழிப்பதிலும் ஒரு சூட்சுமம். 'ரைட் எரேஸ்' கொடுத்து ரீலோட் செய்த பிறகும் 'ஷோ விலான்' போட்டால் கேன்டீன் விலான் அப்படியே இருந்தது. விலான் பெயர்கள் தனியாக 'விலான் டாட் டேட்' என்ற வேறொரு கோப்பில் இருக்கின்றன, அதையும் அழிக்க வேண்டும். எங்கள் மாதிரி ஒரே சுவிட்ச் வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம். நிறைய சிஸ்கோ சுவிட்ச் இருக்கிற இடத்தில், பழைய சரக்கை அழிக்காமல் நேராக இணைத்தால், விலான் பட்டியலைச் சுவிட்சுகளுக்குள் பகிர்ந்துகொள்கிற விடிபி என்ற ஏற்பாடு இந்தப் பழைய பட்டியலையே புதியது என்று எடுத்துக்கொண்டு மற்ற சுவிட்சுகளில் உள்ள விலான்களைத் துடைத்துவிட வாய்ப்பு உண்டு. டொமைன் என்ற குழுப் பெயர் ஒத்துப்போய், பட்டியல் எத்தனை முறை மாறியது என்று சொல்கிற ரிவிஷன் எண் இதில் பெரிதாகவும் இருந்தால் போதும்.

இனி அந்தக் கறுப்புத் திரையைப் பற்றி. இதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் வருவது 'சுவிட்ச்' என்ற பெயரும் அதன் பின்னால் ஒரு > குறியும். அங்கே பார்க்க மட்டும்தான் அனுமதி. 'எனேபிள்' அடித்தால் குறி # ஆகிறது, இப்போது எல்லாவற்றையும் பார்க்கலாம். 'கான்ஃபிகர் டெர்மினல்' அடித்தால் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் கான்ஃபிக் என்று வருகிறது, இப்போது மாற்றலாம். ஒரு போர்ட்டுக்குள் போனால் அதையும் அங்கேயே காட்டும். எந்த அறையில் நிற்கிறோம் என்று வரியின் தொடக்கமே சொல்லிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி ஒரு வாரம் பார்த்த, பிரவுசரில் அமைக்கிற வெப் பக்க சுவிட்சில் இது இல்லை. அதில் ஒரு மெனுவுக்குள் இன்னொரு மெனு, கீழே 'அப்ளை', மேலே 'சேவ்', நேற்று எந்த டிக்கை எடுத்தேன் என்று இன்றைக்குத் தெரியாது.

தெரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டால் போதும், அடுத்து என்ன சொல் வரலாம் என்று பட்டியல் இறங்குகிறது. பாதிச் சொல் அடித்து டேப் தட்டினால் மீதியை அதுவே எழுதும். குழப்பம் வராத அளவுக்குச் சுருக்கினாலும் ஏற்றுக்கொள்ளும்: 'கான்ஃபிகர் டெர்மினல்' என்பதைக் 'கான்ஃப் டி' என்றாலே புரிகிறது. சுருக்கெழுத்தும் சொல்லித்தருகிற வீடு எங்களுடையது, எனக்கு இது பிடிக்காமல் இருக்குமா? தப்பாக அடித்தால் எந்த எழுத்தில் தப்பு என்று அதற்கு நேர் கீழே ஒரு ^ குறி வைக்கும். முப்பது வருடமாக நான் சிவப்புப் பேனாவால் செய்கிற வேலை.

ஆனால் # குறி நிற்கிற இடத்தில் ஒற்றைச் சொல்லைத் தப்பாக அடித்துவிட்டால் கதை வேறு. அதை ஒரு கம்ப்யூட்டரின் பெயர் என்று நினைத்துக்கொண்டு ஊரெல்லாம் முகவரி விசாரிக்கப் போய்விடும். 'டிரான்ஸ்லேட்டிங்' என்று ஒரு வரி, அப்புறம் மௌனம். கன்ட்ரோல், ஷிப்ட், ஆறு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரும்பி வரும். 'நோ ஐபி டொமைன் லுக்கப்' என்று ஒரு வரி போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. அதே மாதிரி, நாம் அடித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து ஏதாவது செய்தி சொல்லும். பாதி வார்த்தை நம்முடையது, பாதி அதனுடையது. கன்சோல் வரிக்குள் போய் 'லாகிங் சிங்க்ரனஸ்' போட்டால் செய்தியைச் சொல்லிவிட்டு நாம் அடித்ததை மறுபடி எழுதிக் காட்டும். இரண்டையும் முதல் நாளே போடுங்கள்.

அப்பா ஒரு நாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "வரி முடிஞ்சா மணி அடிக்காதாம்மா?" என்றார். அடிக்காதுப்பா என்றேன். "அப்ப நீயேதான் கவனமா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதை நான் அப்போது காதில் வாங்கவில்லை.

விலான் 10 லேப், 20 ஆபீஸ், 30 கேமரா. பதினெட்டு போர்ட்டையும் தனித்தனியாக எழுத வேண்டியதில்லை, 'இன்டர்ஃபேஸ் ரேஞ்ச்' என்று மொத்தமாகப் பிடித்து இரண்டு வரியில் முடிந்தது. ரவுட்டர் கீழே தட்டச்சு அறையில் இருக்கிறது, மைக்ரோடிக் கம்பெனியின் சிறிய மாடல், விலான் தெரிந்தது. மேலிருந்து அதற்கு ஒரு ட்ரங்க். எல்லாம் ஒரே நாளில் ஆயிற்று, 'ரைட் மெம்' போட்டுச் சேமித்தேன். முதல் நாள் காலையில் ஒரே ஒரு புகார்: கம்ப்யூட்டரைப் போட்டதும் அரை நிமிடம் நெட் வரவில்லை. வளையம் இருக்கிறதா என்று ஸ்பேனிங் ட்ரீ பதினைந்து விநாடி கேட்டு, பதினைந்து விநாடி கற்று, அதன் பிறகுதான் போர்ட்டைத் திறக்கும். அதுவரை விளக்கு ஆரஞ்சு. கம்ப்யூட்டர் மட்டும் இருக்கிற போர்ட்டுகளுக்கு 'போர்ட்ஃபாஸ்ட்' போட்டால் காத்திருப்பு இல்லை. கூடவே 'பிபிடியு கார்டு' என்ற காவலும் போட்டேன். பிபிடியு என்பது ஸ்பேனிங் ட்ரீக்காகச் சுவிட்சுகள் பேசிக்கொள்கிற செய்தி: அந்தப் போர்ட்டில் வேறொரு சுவிட்சின் குரலோ தன்னுடைய குரலோ திரும்பக் கேட்டால் உடனே கதவைச் சாத்திக்கொள்ளும்.

இரண்டு மாதம் கழித்து, வருகிற பெற்றோர்களுக்கு வைஃபை கொடுக்கலாம் என்று விலான் 40 சேர்த்தேன். கீழே, ரவுட்டரின் வைஃபையில், லேப்டாப்போடு உட்கார்ந்து எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது கன்சோல் கேபிள் இல்லாமல் நெட்வொர்க் வழியே பூட்டிய இணைப்பில் கட்டளை கொடுத்து. ட்ரங்கில் புதிய விலானை அனுமதிக்க வேண்டும், 'சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்டு விலான் 40' என்று அடித்து என்டர் தட்டினேன். திரை உறைந்துவிட்டது. மாடியிலிருந்து, "மேம், நெட் போச்சு!"

அந்த வரியில் 'ஆட்' என்ற ஒரு சொல் வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், இருக்கிறவர்களோடு நாற்பதையும் சேர் என்று அர்த்தமில்லை. பொது வாசலில் இனி நாற்பதாம் போர்ஷன் மட்டும்தான் நடமாடலாம், மற்ற மூவரும் உள்ளேயே கிடக்கட்டும் என்று அர்த்தம். நான் வந்துகொண்டிருந்ததும் அதே வாசல் வழியாக, ஆபீஸ் விலானில். நான் உட்கார்ந்த கிளையை நானே வெட்டினேன். நிஜமாகவா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்த மெஷின். கேட்கவும் கேட்காது. சொன்னதைச் சொன்ன நொடியில் செய்யும்.

பிழைத்தது எப்படி என்றால், நான் இன்னும் சேமிக்கவில்லை. இந்தச் சுவிட்சில் அமைப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது: இப்போது ஓடுவது ஒன்று, எழும்பும்போது படிப்பது இன்னொன்று. 'ரைட் மெம்' போடும்வரை இரண்டாவது மாறாது. மாடிப்படி ஏறி ஓடி, சுவிட்ச் இருக்கிற பரணில் கையை விட்டு பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினேன். எழும்ப இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது, அதற்குள் பிள்ளைகள் எல்லாரும் மொபைலை எடுத்துவிட்டார்கள்.

அன்று ராத்திரி அண்ணன் மகனைப் போனில் பிடித்தேன். சிறுசேரியில் நெட்வொர்க் வேலை பார்க்கிறான். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அத்தை, இந்த ஆட் மேட்டர்ல விழாதவங்க எங்க டீம்லயே கிடையாது. நீங்க இனிமே ரீலோட் இன் பத்துன்னு போட்டுட்டு வேலைய ஆரம்பிங்க."

பத்து நிமிடத்தில் தானாக மறுபடி எழும்பு என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது. வேலை சரியாக முடிந்தால் 'ரீலோட் கேன்சல்' போட்டு நிறுத்திவிட்டு, பிறகு சேமிக்கலாம். வாசலை நாமே அடைத்துக்கொண்டால், படியேறி ஓட வேண்டாம், பத்து நிமிடம் பொறுத்தால் அதுவே பழைய நிலைக்கு வந்துவிடும். இப்போது தூரத்திலிருந்து எதைத் தொட்டாலும் முதல் வரி அதுதான். இந்த ஒரு வசதிக்காகவே இதை அந்த வெப் பக்க சுவிட்சுக்கு மேலே வைப்பேன்.

வாங்கியதன் முதல் காரணம் கார்த்திகையில் ஒரு நாள் தானே வந்து நின்றது. புதிதாகச் சேர்ந்த ஒருவன், சும்மா கிடந்த கேபிளின் இரண்டு முனையையும் சுவரில் இருந்த இரண்டு ஓட்டைகளில் அழகாகச் செருகிவைத்தான். மற்ற யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மாலையில் தற்செயலாக 'ஷோ இன்டர்ஃபேஸ் ஸ்டேட்டஸ்' போட்டுப் பார்த்தபோது ஒரு போர்ட் 'எர் டிஸேபிள்டு' (பிழையால் மூடப்பட்டது) என்று தனியாக உட்கார்ந்திருந்தது. கேபிளை எடுத்துவிட்டு, அந்தப் போர்ட்டில் 'ஷட்டவுன்', பிறகு 'நோ ஷட்டவுன்'. போன தடவை நாலு மணி நேரம் போன இடத்தில் இரண்டு வரி.

குறைகளைச் சொல்லாவிட்டால் கடைக்காரர் எழுதியது மாதிரி ஆகிவிடும். சத்தம்: வகுப்பறையில் வைக்கவே முடியாது, பரண் இருப்பவர்கள் வாங்கலாம். சித்திரை வெயிலில் பரண் கொதிக்கும், அதனால் மதியத்தில் 'ஷோ என்வ் ஆல்' போட்டுப் பார்ப்பேன். ஃபேன் ஓகே, டெம்பரேச்சர் ஓகே என்று சொல்லும், எத்தனை டிகிரி என்று சொல்லாது. இந்த மாடலில் கேபிள் வழியே மின்சாரம் போகாது, ஆகவே நான்கு கேமராவுக்கும் நான்கு அடாப்டர். வேகம் நூறு மெகாபிட்தான். எங்கள் இன்டர்நெட்டும் அதே நூறு என்பதால் எனக்கு உறைக்கவில்லை, ஆனால் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு ஜிபி கோப்பை நகர்த்தினால் ஒன்றரை நிமிடம் ஆகிறது. வீடியோ எடிட்டிங் பண்ணுகிற இடமாக இருந்தால் இதைத் தொடவே வேண்டாம்.

பாதுகாப்புக்கு வருவோம். இந்த மாடலுக்கு இனிப் புதிய மென்பொருள் வராது. எஸ்எஸ்ஹெச் இருக்கிறது, ஆனால் பழைய காலத்துப் பூட்டு, புட்டி ஒவ்வொரு முறையும் எச்சரிக்கிறது. அதனால் ஆபீஸ் விலானிலிருந்து மட்டும் உள்ளே வரும்படி வைத்திருக்கிறேன், பூட்டே இல்லாத டெல்நெட் வழியை மூடிவிட்டேன், வெப் பக்கத்தையும் அணைத்துவிட்டேன். வங்கிக்கோ ஆஸ்பத்திரிக்கோ இது ஆகாது. டைப் இன்ஸ்டிடியூட்டுக்கு ஆகும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறுகிற அந்தக் கண் சிமிட்டலில் சில நாள் விழுந்துவிடுகிறது, விழுந்தால் மறுபடி இரண்டு நிமிடம். இதற்காகச் சிறிய யுபிஎஸ் ஒன்று தனியாக வாங்க வேண்டியிருந்தது, அது சுவிட்சின் விலையில் பாதி.

கடையைப் பற்றி ஒன்று. ஏழு நாள் வாரண்டி என்று எழுதிக் கொடுத்தது ஆறாம் நாள் உதவியது. ஒரு போர்ட் சில நேரம் வேலை செய்தது, சில நேரம் இல்லை. 'ஷோ இன்டர்ஃபேஸ்' போட்டால் அந்தப் போர்ட்டில் மட்டும் சிஆர்சி பிழை, அதாவது கெட்டுப்போய் வந்த ஃபிரேம்களின் எண்ணிக்கை, ஏறிக்கொண்டே போனது. கேபிளை மாற்றினேன், அப்போதும் ஏறியது. அந்தத் திரையை அப்படியே அச்செடுத்துக்கொண்டு போனேன். பெரியவர் பார்த்தார், பையனைக் கூப்பிட்டார், இதே மாடலில் வேறொன்றை இறக்கச் சொன்னார். விவாதமே இல்லை. "பேப்பரோட வந்தீங்கன்னா நாங்க என்னம்மா பேசறது" என்றார். இரண்டாவதை வீட்டுக்குக் கொண்டுவந்து செருகினால் அதிலும் அதே நட்சத்திரக் கட்டம், அதே சட்ட நடவடிக்கை. இந்த முறை மோட் பட்டனிலிருந்து விலான் பிரித்து முடிக்கிறவரை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் சுவிட்சில் 'ஷோ ரன்' போட்டு வந்த வரிகளை நோட்பேடில் வைத்திருந்தேன், அதை அப்படியே புட்டியில் ஒட்டினேன், அவ்வளவுதான். மொத்த நெட்வொர்க்கும் மூன்று பக்கக் காகிதம். ஒரு பிரதியை அப்பாவின் பீரோவில் இன்ஸ்டிடியூட் லைசென்சுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வாங்காதீர்கள். நாலு கம்ப்யூட்டர் உள்ள கடைக்கும் வேண்டாம். பத்துக்கு மேல் இருந்து, பரணும் பொறுமையும் இருந்து, தட்டுகிற சொல்லைத் தட்டுவதற்கு முன் ஒரு தடவை படிக்கிற பழக்கமும் இருந்தால் 3,200 ரூபாய்க்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து ரிச்சி தெருவில் இல்லை. புது மாற்றி கேட்டு வாங்குங்கள், அங்கேயே லேப்டாப்பில் செருகிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

ஒவ்வொரு போர்ட்டுக்கும் 'டிஸ்கிரிப்ஷன்' என்று ஒரு குறிப்பு எழுதலாம். தமிழ் எழுத்தை ஏற்காது, அதனால் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருக்கிறேன்: ஜன்னலோரம் ஒன்று, ஜன்னலோரம் இரண்டு, தூண் பக்கம், அப்பா ரூம் கேமரா. போன மாதம் அண்ணன் மகன் வந்தபோது பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தவன் பதினேழாவது போர்ட்டில் நின்றான்.

"அத்தை, இது என்ன, 'ஹாய் ஆன்ட்டி'ன்னு இருக்கு?"

அந்தப் பையன் உட்காருகிற இடம் என்றேன்.